கடலில் முறைவைத்து உழைக்கும் ரேடியோ

தூத்துக்குடி வள்ளங்கள் வெகுதூரம் சென்றபின் கைபேசிக் கோபுரம் எட்டாது. வள்ளங்களிலுள்ள ரேடியோக் கருவிகளே ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றலாம். கேரளக் கடலில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்துள்ளனர்.

சிக்கல் மின்கலத்தில்தான். தூரம் இரட்டித்தால் அனுப்பும் சக்தி நான்கு மடங்காவது வேண்டும். ஆதலின் இடையே ஒரு வள்ளம் வாங்கி அனுப்புவது சிக்கனம். ஆனால் சுமை முழுவதும் அதன்மேலேயே விழுந்தால் அதன் மின்கலம் முதலில் தீரும். அப்பால் நெஞ்சுவலியால் துடிப்பவரின் குரல் கரை சேராது.

இத்தகைய சிக்கலுக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூவர் ஒரு கணிப்புமுறை வகுத்தனர். அவருள் ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். நிலத்தில் பரப்பும் உணர்கருவிகளுக்கென எழுந்த அம்முறையில், குழுத் தலைமை சுற்றுக்குச் சுற்று மாறும். மற்றவை தம் முறை வரும்வரை உறங்கும். (வெறுமனே செவி திறந்திருப்பதற்கும் மின்சாரம் செலவாகும்!) தாமிரபரணிப் பாசனத்தில் நீர்முறை கண்ட உழவர்க்கு இது எளிதில் விளங்கும். வள்ளங்களோ ஓரிடத்தில் நில்லாதவை. ஆதலின் யாருக்கு யார் அண்டை என்பதையும் சுற்றுதோறும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.