நிழலுக்கு நிறம் தரும் ஹியூக்கெரா

வெயில் குறைந்த மரத்தடியில் பூச்செடி நட்டால் அது நெடுநெடுவென்று மெலிந்து வளருமே தவிர, பூக்காது. அந்த இடத்தை இலையின் நிறத்தாலேயே நிரப்புவது ஹியூக்கெரா. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதை ‘கோரல் பெல்ஸ்’ என்பார்கள். தாயகம் வட அமெரிக்கா. ஓரடி உயரத்துக்குள் தூர் கட்டி, பல ஆண்டுகள் வாழும். மணி போன்ற சிறு பூக்கள் மெல்லிய காம்புகளில் உயர்ந்து நிற்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ மலைகளின் சங்குனியா இனத்தில் அவை செக்கச்செவேல் என்றிருப்பதால் ரீங்காரச்சிட்டுகள் தேடி வரும்.

வெகுகாலம் பூவுக்காகத்தான் இதை வளர்த்தார்கள். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பரவிய ‘பேலஸ் பர்ப்பிள்’ என்ற கருஞ்சிவப்பு இலை ரகம், 1991ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் தேர்வானது. அதன்பின் எல்லோருடைய பார்வையும் இலைக்குத் திரும்பியது. இன்று ஊதா, வெள்ளி, எலுமிச்சைப் பச்சை, செம்பு என நூற்றுக்கணக்கில் ரகங்கள் உண்டு.

நிழல் தாங்கும் செடிதானே என்று ஈரம் தேங்கும் மூலையில் இதை நடுகிறவர்கள் பலர். செடி அழுகிப்போவது அங்கேதான். இதன் இனங்களில் பல, காட்டில் பாறை இடுக்குகளிலும் சரிவுகளிலும் வேர்விடுபவை. மழைநீர் அங்கே நிற்பதில்லை. எனவே நிழலைவிட வடிகாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் இலைமக்கு கலந்து மேடாக்கி நடலாம். மூடாக்கு இடும்போது தூரின் நடுப்பகுதியை மூடிவிடக் கூடாது.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் மிகப் பொருத்தம். கருநிற இலைகள் ஓரளவு வெயில் தாங்கும். மஞ்சளும் எலுமிச்சைப் பச்சையும் கருகிவிடும். அடர்ந்த இருட்டிலோ எந்த ரகமும் நிறம் மங்கும்.

குளிர்நாடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. மண்ணின் ஈரம் உறைந்து உருகி, மறுபடி உறையும்போது செடி மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும். வயதாக ஆக அடித்தண்டும் கட்டையாகி மேலே எழும்பும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டி எடுத்து, வேருள்ள துண்டுகளாகத் தூர் பிரித்து, கட்டைத் தண்டு மண்ணுக்குள் மறையும்படி நட்டால் புதுச்செடி போலத் துளிர்க்கும். நீர் இருந்தும் செடி வாடி, தொட்டதும் தூரோடு கையில் வந்துவிட்டால் கூன்வண்டுப் புழு வேரைத் தின்றிருக்கிறது என்று பொருள். தொட்டிச் செடிகளில் இது அதிகம்.

வாங்கும்போது நிறத்தில் மயங்காமல் வம்சத்தைக் கேளுங்கள் என்பேன். வறண்ட மலைகளின் சங்குனியா வழி ரகங்கள் புழுக்கத்தில் நலிகின்றன. அமெரிக்கத் தென்கிழக்கின் வில்லோசா இனமோ ஜார்ஜியாவின் ஈரவெக்கையிலும் தழைக்கும். பிரான்சில் உருவான ‘கேரமல்’ ரகம் அந்த வழியில் வந்தது. வெக்கையான ஊரில் முதன்முதலாக நடுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.