சாவி கைக்கு வருமுன்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கவுன்டரில்தான்

மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு வீடு. சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டுபவர். நியூசிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, வாடகைக் கார் எடுத்து மனைவியுடன் தென் தீவைச் சுற்றினார். அங்கும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பயமே இல்லை. ஆறாம் நாள், ஜல்லிச் சாலையில் எதிரே வந்த லாரியின் டயரிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியைப் பதம் பார்த்தது. காரைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடியின் முழு விலையும் அவருடைய கிரெடிட் கார்டிலிருந்து போய்விட்டது.

"இன்சூரன்ஸ் உண்டு என்றுதானே சொன்னார்கள்?" என்று இன்னமும் பொருமுகிறார்.

ஒப்பந்தத்தை இந்த நிருபரிடம் நீட்டினார். (மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படிப்பட்ட வேலைகள் வருவது வழக்கம்.) விஷயம் ஏழாம் பக்கத்தில் இருந்தது. அவர் எடுத்த அடிப்படைப் பாதுகாப்பில் கண்ணாடி, டயர், காரின் அடிப்பாகம் மூன்றும் சேராது. அதன் பெயரும் இன்சூரன்ஸ் இல்லை, 'டேமேஜ் வெய்வர்'. அதாவது சேதத்துக்கான பணத்தை உங்களிடம் கேட்கும் உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுக்கிறது. அதுவும் ஒரு தொகைக்கு மேல்தான். அந்தத் தொகை வரை நம் பொறுப்பு. அதற்குப் பெயர் 'எக்ஸ்செஸ்'. பல இடங்களில் இது ஆயிரக்கணக்கான டாலர்.

இதெல்லாம் எடுத்த காரைப் பற்றியது. அடுத்தவருக்கு நேரும் சேதம் வேறு கணக்கு. ஐரோப்பாவில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால் வாடகையிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கிடைப்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்கு மட்டும். அங்குள்ள மருத்துவச் செலவு தெரிந்தவர்கள் கூடுதல் காப்பீட்டுக்குத் தனியே பணம் கட்டிவிடுகிறார்கள். நியூசிலாந்து விசித்திரம்: விபத்தில் காயமடைந்தவரின் சிகிச்சையை 1974 முதல் அரசுத் திட்டமே ஏற்கிறது, சுற்றுலாப் பயணியானாலும் சரி. ஆனால் அடுத்தவர் காரை இடித்தால் ஈடுகட்டும் காப்பீட்டை அங்கே சட்டம் கட்டாயமாக்கவில்லை.

தம்பதியின் அடுத்த பயணம் இத்தாலிக்கு. அங்கே இந்திய உரிமம் மட்டும் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி இதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே தருகிறது. படிவம் 4ஏ, பாஸ்போர்ட், 1,000 ரூபாய் கட்டணம். ஓராண்டு செல்லும், அசல் உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவும் காலாவதி. ஜப்பானில் இது இல்லாமல் சாவி கிடைக்காது. சீனாவிலோ இது செல்லவே செல்லாது.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலியும் உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், உரிமத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும், கிரெடிட் கார்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். கார் ஓட்டுபவரின் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. மகனின் கார்டும் அப்பாவின் உரிமமும் சேர்ந்தால் கார் கிடைக்காமல் போகலாம்.

இத்தாலியில் வலதுபுறம் ஓட்ட வேண்டும். கியர் வண்டிகளே அதிகம் என்பதால் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ரோம், ஃபுளோரன்ஸ் போன்ற நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதியில்லாத கார் நுழைந்தால் கேமரா படம்பிடிக்கும். நுழைவாயில் பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று ஒளிரும். நேர் அர்த்தம் 'வாயில் இயங்குகிறது'. திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைந்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். தடை அமலில் இருக்கிறது என்பதே பொருள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. ஓட்டியவர் யாரென்று போலீசுக்குத் தெரிவித்ததற்கு வாடகை நிறுவனம் தனிக் கட்டணம் பிடிக்கும்.

பெரியவர் உரிமத்தைத் திருப்பிப் பார்க்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் காலாவதி. முதலில் அதைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். காப்பி கொண்டு வந்த மனைவி காகிதங்களை ஒதுக்கி டம்ளரை வைக்கிறார். "இந்தத் தடவை ஏழாம் பக்கத்தைப் படிச்சப்புறம் கையெழுத்துப் போடுங்கோ."