தூக்கி நிறுத்திய கை ஏன் இறங்குகிறது?

டிராக்டரின் முன்பக்க லோடரில் பாரத்தைத் தூக்கி, லீவரை நடுநிலைக்கு விட்ட பிறகும் கை மெல்ல இறங்கினால், "சிலிண்டர் சீல் போச்சு" என்பதே உடனடித் தீர்ப்பு. அது பாதிதான் சரி. சிலிண்டருக்குள் பிஸ்டனுக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேலறையின் நடுவில் ராட் இருப்பதால் அங்கே எண்ணெய்க்கு இடம் குறைவு. கை இறங்க ராட் உள்ளே போக வேண்டும். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு எண்ணெய் சிலிண்டரைவிட்டு வெளியேறியாக வேண்டும். சீல் கிழிந்தால் எண்ணெய் கீழறையிலிருந்து மேலறைக்கு மாறும், அவ்வளவுதான். இரண்டு வாய்களும் அடைபட்டு, உள்ளே எண்ணெய் நிரம்பியிருந்தால், சீலே இல்லாத பிஸ்டன்கூடச் சற்று அமிழ்ந்து நின்றுவிடும். வெளியே ஒழுகல் இல்லாமல் கை தொடர்ந்து இறங்குகிறதென்றால், எண்ணெய் கன்ட்ரோல் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்புகிறது.

"சீல் மாற்றியதும் இறங்குவது குறைந்ததே?" என்று கேட்பவர்கள் சொல்வதும் உண்மை. சீல் கசிந்தால் இரு அறைகளிலும் அழுத்தம் சமமாகி, பாரம் முழுவதையும் ராடின் பரப்பு மட்டுமே தாங்க நேரும். 50 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர செ.மீ.; 30 மி.மீ. ராடின் பரப்பு 7.1 தான். 70 பார் அழுத்தத்தில் நின்ற பாரத்துக்கு இப்போது ஏறத்தாழ 194 பார் வேண்டும். வால்வின் ஸ்பூலுக்கும் அது நகரும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி எப்போதும் உண்டு. அழுத்தம் ஏற ஏற அதில் கசிவும் ஏறும். புது சீல் அழுத்தத்தைக் குறைத்து, தேய்ந்த ஸ்பூலின் குற்றத்தை மறைத்துவிடுகிறது. (சூடான எண்ணெய் இரவில் குளிர்ந்து சுருங்குவதால் சிறிது இறங்குவது கோளாறே அல்ல.)

எனவே சிலிண்டரைப் பிரிக்குமுன் சோதிப்பதே நியாயம். கையை மேல் எல்லைவரை தூக்கி, உறுதியான முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி அழுத்தத்தை இறக்கிய பின் ராட் பக்க ஹோஸைக் கழற்றி, அதன் முனையை மூடியால் அடைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டித் தூக்கும் பக்கம் லீவரைப் பிடித்தால், திறந்த வாயில் எண்ணெய் விடாமல் வருவது சீலின் குற்றம். வராவிட்டால் வால்வைப் பாருங்கள். ஹோஸில் கசிவைத் தேடும்போது மட்டும் விரலால் தடவக் கூடாது, அட்டைத் துண்டையே நீட்ட வேண்டும். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.