நத்தை ஓட்டில் குடித்தனம் நடத்தும் மீன்கள்

சமையலறை வினிகரைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, காலி நத்தை ஓட்டின் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் ஓட்டைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பும். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும்போது வெளிவரும் கரியமில வாயுதான் அந்தக் குமிழிகள். ஆப்பிரிக்க ஏரி ஒன்றில் சில மீன்கள் ஏன் நத்தை ஓடுகளில் குடியிருக்கின்றன, அவற்றை ஜொகூரில் உள்ள உங்கள் வீட்டில் வளர்க்க முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தச் சோதனையிலேயே விடை இருக்கிறது.

ஓடுகள் நிறைந்த ஏரி

டாங்கன்யிகா ஏரியைத் தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஸாம்பியா ஆகிய நான்கு நாடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். பைக்கால் ஏரிக்கு அடுத்து உலகிலேயே ஆழமானது. இதன் நீரில் கனிமங்கள் அதிகம், பி.எச். அளவு 9-ஐ ஒட்டியிருக்கும். அமிலத்துக்கு நேர் எதிரான கார நீர் இது. எனவே, இங்கே வாழும் நியோதௌமா என்ற நத்தை இறந்த பிறகும் அதன் ஓடு கரைவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த ஓடுகள் ஏரித் தரையில் பரந்த படுகைகளாகக் கிடக்கின்றன.

பாறையோ செடியோ இல்லாத அந்தத் தரையில் சிறு மீன்களுக்குக் கிடைத்த ஒரே மறைவிடம் இந்த ஓடுகள்தான். சிக்லிட் குடும்பத்து மீன்கள் சில அதைப் பிடித்துக்கொண்டன. சிக்லிட் நமக்குப் புதிதல்ல. நாம் சாப்பிடும் திலாப்பியா, தொட்டியில் வளர்க்கும் டிஸ்கஸ், லூவோ ஹான், கேரளத்தின் கரிமீன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஓட்டு மீன்களில் வீட்டுக்கு ஏற்றது ‘மல்டிஃபேசியாட்டஸ்’. 1906-இல் அறிவியல் பெயர் பெற்ற இது, உடலில் பல கோடுகள் கொண்டது. ஆண் மீன் வளர்ந்தாலும் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பெண் அதைவிடச் சிறியது.

நம் ஊர்த் தண்ணீர்

ஜொகூரின் இயற்கை நீர் டாங்கன்யிகாவுக்கு நேர் எதிர். ஆயர் ஹீத்தாம் என்ற ஊர்ப் பெயருக்கே ‘கருநீர்’ என்றுதான் பொருள். கரிச்சதுப்புக் காடுகளில் இலைதழைகள் ஊறி, பால் கலக்காத தேநீர் நிறத்தில் ஓடும் அந்த நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. அதில் நத்தை ஓட்டைப் போட்டால், வினிகரில் நடந்தது மிக மெதுவாக நடக்கும். குழாய் நீர் சுத்திகரிக்கப்பட்டு வருவதால் அவ்வளவு அமிலம் இல்லை. ஆனாலும் அதில் கனிமங்கள் குறைவு, அது மென்நீர்தான்.

ஆகவே மீன் வாங்கும் முன் தண்ணீரைத் தயார் செய்யுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி போதும். 54 லிட்டர் கொள்ளும். குழாய் நீரைக் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்துப் பயன்படுத்துங்கள். அடியில் 5 சென்டிமீட்டருக்கு மெல்லிய மணல் பரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பும் அழுக்கும் சேர்ந்து வரும். மீன் கடைகளில் கிடைக்கும் பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி வடிகட்டியில் வையுங்கள். பவளமும் கால்சியம் கார்பனேட்டே. அது சிறுகச் சிறுகக் கரைந்து, பி.எச். அளவை 8 அளவுக்கு உயர்த்தி அங்கேயே நிறுத்தும். பண்ணையில் பிறந்த மீன்களுக்கு 8 முதல் 8.5 வரை இருந்தால் போதுமானது.

அடுத்து வீடுகள். ஒரு மீனுக்கு இரண்டு மூன்று ஓடு என்று கணக்கு வையுங்கள். சமையலுக்கு விற்கப்படும் எஸ்கார்கோ நத்தையின் ஓடு நன்றாகப் பொருந்தும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வயல்களிலும் கங்குங் குளங்களிலும் பெருகி, இளஞ்சிவப்பு முட்டையிட்டுத் தொல்லை கொடுக்கும் தங்க ஆப்பிள் நத்தையின் காலி ஓடும் உதவும். பூச்சிமருந்து தெளித்த இடத்தில் எடுக்காதீர்கள். நத்தைகளில் மனிதரைத் தாக்கும் புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால், கையுறை அணிந்து எடுத்து நன்கு கொதிக்க வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பலரும் சறுக்குவது இங்கேதான். மீன்கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. அது நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: அதிகத் தீங்கற்ற அம்மோனியம், மீனின் செவுள்களைப் பாதிக்கும் நச்சு அம்மோனியா. எது எவ்வளவு என்பதை பி.எச். அளவே தீர்மானிக்கிறது. 28 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நச்சு வடிவம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பி.எச். 8.5 ஆனால் அது ஏறத்தாழ 18 விழுக்காடு. கப்பி மீன் தாங்கிக்கொண்ட அதே கழிவு அளவு, ஓட்டு மீன் தொட்டியில் உயிரைப் பறித்துவிடும்.

இதைச் சமாளிப்பவை நுண்ணுயிரிகள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதைக் குறைந்த தீங்குள்ள நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை வடிகட்டியில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், இரண்டு நாளுக்கு ஒரு முறை சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போட்டு வாருங்கள். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீன் வாங்கப் போங்கள். பிள்ளைகள் அவசரப்படுவார்கள். அவர்களையே தினமும் அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல அறிவியல் பாடம் அது.

இங்குச் சூடேற்றி தேவையில்லை. வெப்பம் மிகுவதுதான் சிக்கல். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்துக் காற்றுக் குமிழ் ஓடவிடுங்கள். வாரம் ஒரு முறை பத்திலிருந்து இருபது விழுக்காடு நீரை மட்டும் மாற்றுங்கள்.

இனி வேடிக்கை பார்க்கலாம்

ஐந்தாறு இளம் மீன்களை விடுங்கள். பொடித்த தீவனம், ஆர்ட்டீமியாக் குஞ்சு போன்றவற்றைச் சிறிதளவு கொடுங்கள். சில நாளில் அவை மணலை வாயில் அள்ளித் துப்பி, ஓட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டத் தொடங்கும். பெண் மீன் ஓட்டுக்குள் முட்டையிடும். ஒரு நாள் காலையில் ஓட்டு வாசலில் எறும்பளவு குஞ்சுகள் மிதப்பதைக் காண்பீர்கள். இவை வளர்ந்த பிறகும் பெற்றோர் பக்கத்திலேயே வேறு ஓட்டில் குடியேறும். கூட்டுக் குடும்பம்தான்! இதே ஏரியில் கேலிப்டெரஸ் என்ற ஓட்டு மீனின் ஆண், ஓடுகளை வாயால் தூக்கி வந்து சேர்க்கிறது. அதன் எடை பெண்ணைப் போல 12 மடங்கு. பெண் ஓட்டுக்குள் நுழைய வேண்டும், ஆண் ஓட்டைத் தூக்க வேண்டும். இருவர் உடலையும் அந்த ஓடே வடிவமைத்திருக்கிறது.

குடும்பம் பெருத்துத் தொட்டி நெருக்கடியானால், கூடுதல் மீன்களைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். கால்வாயிலோ ஆற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள். நம் ஈயக் குட்டைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இன்று மயில் பாஸ் என்ற தென் அமெரிக்க சிக்லிட் உள்ளூர் மீன்களை வேட்டையாடித் திரிவது, யாரோ கொண்டுவந்து விட்டதால்தான்.

ஆயர் ஹீத்தாம் கருநீரிலும் ஒரு குட்டி மீன் வாழ்கிறது. பெட்டா பெர்செஃபோனி என்ற கறுப்புச் சண்டை மீன் அது. 1986-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் சூட்டியது. சதுப்புக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறியதில், அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆப்பிரிக்க மீனுக்காக ஆறு வாரம் பொறுத்துத் தண்ணீர் தயாரித்தவருக்கு, சொந்த ஊர் மீன் தன் தண்ணீரை இழந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.