இங்கிலாந்தில் சிறு கடைகளுக்கு அளித்த மானியம்

கடை மூடிக் கிடக்கும்போது அதன் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. கட்டிட வாடகையும், கொள்முதல் செய்த சரக்கின் பாக்கியும் மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். குடும்பத்தார் இரண்டு மூன்று பேராக நடத்தும் கடையில் கல்லாப்பெட்டிப் பணமே வீட்டுச் செலவுக்கும் வியாபாரத்துக்கும் முதலாக இருப்பதால், சில மாத அடைப்பிலேயே அது கரைந்துபோகும். இத்தகையோருக்குக் கடன் கொடுப்பதா, திருப்பித் தரவேண்டாத மானியம் கொடுப்பதா என்னும் கேள்வி 2020-ம் வருஷம் இங்கிலாந்தில் எழுந்தது.

அவ்வருஷம் மார்ச்சு 23-ந் தேதி, கொரோனா தொற்றின் காரணமாக, உணவு, மருந்து முதலிய அவசியப் பண்டங்கள் விற்பவை நீங்கலாக ஏனைய கடைகளை மூடும்படி உத்தரவாயிற்று. மார்ச்சு 11-ந் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் சிறு வியாபாரிக்கு 3,000 பவுன் மானியம் என்று கூறியிருந்த நிதி மந்திரி ரிஷி சுனக், 17-ந் தேதியே அதனை 10,000 பவுனாக உயர்த்தினார்.

வரியைத் தள்ளிக் கொடுத்தால் போதாதோ என்று சிலர் கேட்கலாம். அங்கே கடைக் கட்டிடங்களுக்கு வருஷ வாடகை மதிப்பை ஒட்டி ஸ்தல வரி உண்டு. ஆனால் 12,000 பவுனுக்கு மேற்படாத மதிப்புள்ள ஒரே கட்டிடத்தை வைத்திருப்போர் அநேகமாய் அவ்வரியினின்றும் முன்னமே விலக்குப் பெற்றிருந்தனர். வரியே செலுத்தாதவருக்கு வரித் தள்ளுபடியால் பயன் ஏது? ஆகவே ரொக்கமாகவே கொடுக்க நேர்ந்தது. 3,000-க்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள கிராமத்தில் ஒன்றே ஒன்றாயிருக்கும் மளிகைக் கடைக்கும் தபாலாபீசுக்கும் தனி வரிச் சலுகை உண்டு. அவற்றுக்கும் இம்மானியம் கிடைத்தது.

விநியோகம் செய்தவை ஸ்தல ஸ்தாபனங்கள். மார்ச்சு 11-ந் தேதி வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்கே தொகை. கணக்கைத் துருவிப் பார்க்கும் வேலை அதிகமில்லாமையால் பணம் விரைவில் சேர்ந்தது. குறையும் அதிலேயே பிறந்தது. சந்தையில் கடை போடுவோர், பெரிய கட்டிடத்தில் ஒரு பகுதியை வரியும் சேர்த்த வாடகைக்கு எடுத்தோர் ஆகியோரின் பெயர்கள் பதிவேட்டில் இல்லை. அவர்களுடைய நஷ்டம் எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆயினும் வெறுங்கையாய் நின்றனர். மே மாதத்தில்தான் இவர்களுக்கென்று 617 மில்லியன் பவுன் வரை தனியாக ஒதுக்கப்பட்டது. இம்முறை பதிவேடு துணைசெய்யாது. வாடகை போன்ற நிலையான செலவுக்கும் குறைந்துபோன வருமானத்துக்கும் அத்தாட்சி காட்ட வேண்டியதாயிற்று. ரசீதும் நாள்வழிக் கணக்கும் இல்லாதவன் இவ்விடத்தில் என்ன செய்வான்?

மே 4-ந் தேதி முதல் கடன் திட்டமும் நடந்தது. 2,000 முதல் 50,000 பவுன் வரை பாங்குகள் கொடுத்தன. முதல் வருஷ வட்டியைச் சர்க்கார் ஏற்றது. பின்னர் வட்டி நூற்றுக்கு 2½. வட்டி குறைவுதான். எனினும் நடவாத வியாபாரத்தின் வாடகைக்காக வாங்கிய கடனை, நடக்கும் வியாபாரத்தின் லாபத்திலிருந்து பல வருஷம் அடைக்க வேண்டும். சிறு குடும்பத்துக்கு இது இலேசான சுமையன்று. மானியம் அவ்வாறு பின்தொடர்வதில்லை.

ஆயினும் அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. மானியத் தொகை வியாபார வருமானமாகவே கொள்ளப்பட்டு, லாபம் இருந்தால் வரிக்கு உட்பட்டது. அதனை வரவில் பதியாமல் செலவழித்தவர், அடுத்த கணக்கு முடிக்கையில் வரிக்கும் பணம் தேடவேண்டியிருந்தது. 2020-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதியோடு இம்மானியத் திட்டங்கள் முடிவுற்றன.