கல்லும் கொழுப்பும்: சாக்லேட்டுக் கருவிகளின் வரலாறு

கொக்கோப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அறை வெப்பத்தில் இறுகிக் கிடக்கும் அக்கொழுப்பு 34 பாகை செல்சியசு அளவில் உருகிவிடும். மாந்த உடலின் வெப்பமோ 37 பாகை. சாக்லேட்டு நாவில் கரையும் இன்பத்திற்கும், அதைச் செய்ய முனைந்தோர் பட்ட பாட்டிற்கும் இப்பண்பே ஏது. கொழுப்பை ஆளவும் துகளை நுணுக்கவும் மாந்தர் கண்ட வழிகளே சாக்லேட்டுக் கருவிகளாயின.

நடு அமெரிக்காவின் மாயரும் ஆசுடெக்கு மக்களும் கொக்கோவைப் பெரிதும் பருகினர். கனியின் சதையோடு விதைகளைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கியபின் மெட்டாட்டே என்னும் அரைகல்லில் இட்டனர். எரிமலைப் பாறையில் செதுக்கிய, மூன்று கால்களுடைய சாய்ந்த கல் அது; நம் அம்மிக்குப் போலவே அதற்கும் குழவி உண்டு. அதன்முன் மண்டியிட்டுக் குழவியை முன்னும் பின்னும் தள்ளினர். கல்லின் அடியில் தணல் இடுவதும் உண்டு. சூட்டில் கொழுப்பு உருக, பருப்பு பொடியாகாமல் குழம்பாக நெகிழும். அக்குழம்பை நீரில் கரைத்து, மிளகாயும் நறுமணப் பூக்களும் சேர்த்து, உயரத்திலிருந்து கலத்துக்குக் கலம் ஊற்றி நுரை எழுப்பினர். எசுப்பானியர் காலத்தில் அப்பணி மரக் கடைகோலுக்கு வந்தது. அரைகல்லும் அவர்களோடு கடல் கடந்து ஐரோப்பா சென்றது.

கையின் உழைப்பைப் பொறி ஏற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிரிசுடல் நகரின் ஃபிரை என்பார் நீராவிப் பொறியால் கொக்கோ அரைக்கும் முறைக்கு 1795இல் காப்புரிமை பெற்றார். 1826இல் சுவிட்சர்லாந்தில் தொழிலகம் நிறுவிய பிலிப்பு சுசார்டு, சூடேற்றிய கருங்கல் தட்டின்மேல் கருங்கல் உருளைகளை ஓடவிட்டுச் சர்க்கரையையும் கொக்கோவையும் கலந்தார்.

ஆயினும் பானத்தின்மேல் கொழுப்பு மிதந்தது. அதற்கு விடை தந்தது நெதர்லாந்து. வான் அவுட்டன் குடும்பத்தார் 1828இல் காப்புரிமை பெற்ற அழுத்தப் பொறி, கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்தது. எஞ்சிய பிண்ணாக்கு எளிதில் பொடியாயிற்று. பிழிந்த கொழுப்பும் வீணாகவில்லை. அதனைக் கொக்கோவோடும் சர்க்கரையோடும் மீண்டும் சேர்த்து, அச்சில் வார்த்து, 1847இல் உண்ணும் சாக்லேட்டை ஃபிரை நிறுவனத்தார் விற்றனர். கொழுப்பைப் பிரிக்கக் கற்றபின்னரே அதை வேண்டிய அளவு கூட்டவும் முடிந்தது.

எனினும் அக்கட்டி நறநறத்தது. ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகளை நாக்கு உணர்ந்துவிடும். 1879இல் பெர்ன் நகரின் உருடால்ஃபு லிண்டு, நீள்தொட்டியில் கருங்கல் உருளையை நெடுநேரம் முன்னும் பின்னும் ஓட்டினார். நொதித்தலில் பிறந்த புளிப்பு ஆவியாய் நீங்கியது, ஒவ்வொரு துகளையும் கொழுப்பு மெல்லிய படலமாய்ப் போர்த்தது, குழம்பு வழுவழுப்பாயிற்று. பின்னர் எஃகு உருளைகள் பெருந்தொழிலகங்களை ஆண்டன. டிரெசுடன் நகரின் லேமன் நிறுவனப் பொறிகளை 1893இல் சிகாகோ கண்காட்சியில் கண்ட மில்டன் எர்சி, அவற்றை விலைக்கு வாங்கியே சாக்லேட்டுத் தொழிலில் இறங்கினார்.

அத்தகைய பெரும்பொறிகள் சிறு தொழில்முனைவோர்க்கு எட்டாதவை. இந்நூற்றாண்டில் அவர்களுள் பலர் நாடியது, இட்லி மாவுக்கெனக் கோவையில் செய்யப்படும் கல் கிரைண்டரை. சிறு மாற்றங்களோடு அது கொக்கோவை அரைக்கிறது. ஆனால் அதில் நீர் விடுவதில்லை. சிறிதளவு நீர் பட்டாலும் குழம்பு இறுகிவிடும். கல்லோடு கல் உரசும் சூட்டில் உருகும் கொழுப்பே குழம்பை நெகிழ்த்துகிறது. இரவும் பகலுமாய்ச் சுழலும் உருளைகள் துகளை நுணுக்குகின்றன; புளிப்பும் மெல்ல வெளியேறுகிறது. 19ஆம் நூற்றாண்டு தனித்தனிப் பொறிகளுக்குப் பகிர்ந்தளித்த அரைத்தல், கலத்தல், பதப்படுத்தல் ஆகிய மூன்றையும் இங்கு ஒரே கல்தொட்டி செய்து முடிக்கிறது.