உழவர் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை?

உழவர் சந்தையில் காய் வாங்குகிறவர்கள் அங்கே விலை குறைவு என்கிறார்கள். விற்க வரும் விவசாயியைக் கேட்டால், அங்கேதான் விலை கூடக் கிடைக்கிறது என்பார். இரண்டுமே உண்மை. டீ ஆறுவதற்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கத்தரிக்காயையே எடுத்துக்கொள்வோம். கமிஷன் மண்டியில் கிலோ 20 ரூபாய், உங்கள் தெருக்கடையில் 30 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் சொல்லும் 20 ரூபாய் முழுதாக விவசாயியின் கைக்கு வராது. நூற்றுக்குப் பத்து கமிஷன் என்பது பல மண்டிகளில் பழகிப்போன வழக்கம். அதிலேயே 2 ரூபாய் போய்விடும். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று எல்லாம் போக 16 ரூபாய் மிஞ்சினால் நல்ல நாள். மண்டியிலிருந்து உங்கள் தெருவுக்கு வருவதற்குள் காய் வாடும், கொஞ்சம் அழுகும். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் கடைக்காரர் 30 ரூபாய் சொல்கிறார்.

உழவர் சந்தையில் விலையைத் தினமும் சந்தை நிர்வாகமே வைக்கிறது. சுற்று வட்டாரத்து மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி முடிவு செய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். நம் கத்தரிக்காய்க்கு 24, 25 ரூபாய் வரும். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் சந்தையே கொடுக்கிறது. பஸ் செலவு போனாலும் மண்டியைவிட விவசாயிக்கு மிச்சம். உங்களுக்கும் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம்.

இந்த யோசனை பஞ்சாபில் 1987-இல் அப்னி மண்டி என்று தொடங்கியது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் ரைத்து பஜார் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று முதல்வர் கருணாநிதி மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். ஆட்சி மாறியபோது இது கவனிப்பில்லாமல் கிடந்த ஆண்டுகளும் உண்டு. உழுகிறவரின் வருமானம் எந்தக் கட்சி ஆள்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத விஷயம்.

சந்தையின் உயிர்நாடி அடையாள அட்டை. நிலத்தையும் அதில் என்ன பயிர் நிற்கிறது என்பதையும் சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிக் கொடுக்கிறார்கள். வியாபாரி மண்டியில் எடுத்த காயை இங்கே கொண்டுவந்து விற்க ஆரம்பித்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் குலைந்துவிடும். அட்டைச் சோதனை தளர்ந்த சந்தையில் முதலில் ஒதுங்கிக்கொள்பவர் உண்மையான விவசாயிதான்.

இனி, கணக்கில் வராத ஒன்று. இடைத்தரகரை விலக்கினாலும் அவர் பார்த்த வேலை அப்படியேதான் இருக்கிறது. காயைத் தரம் பிரிப்பது, சுமந்து கொண்டுவருவது, உட்கார்ந்து விற்பது, மிஞ்சினால் நட்டப்படுவது, இவ்வளவும் விவசாயியின் தலையில், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. முந்தின நாள் சாயங்காலமே பறிக்க வேண்டும். இருட்டு விலகுமுன் கூடையோடு பஸ் ஏற வேண்டும். முற்பகல் வரை விற்றுவிட்டு ஊர் திரும்பித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சில ரூபாய், இந்த அரை நாள் உழைப்புக்கான கூலி. பலகையில் எழுதிய விலைக்கும் கீழே பேரம் பேசுகிறவர் அந்தக் கூலியில்தான் கை வைக்கிறார்.

அதனால் எல்லோருக்கும் இந்தச் சந்தை தோதுப்படாது. அரை ஏக்கரில் கத்தரி, வெண்டை, கீரை என்று பாத்தி பாத்தியாகப் போட்டு, தினம் ஓரிரு கூடை பறிப்பவருக்கு இது வரப்பிரசாதம். மூன்று ஏக்கரில் தக்காளி ஒரே வீச்சில் பழுத்துவிட்டால் கிலோ கிலோவாக நிறுத்து விற்க முடியாது. மண்டிக்குத்தான் லாரி போக வேண்டும். விதைக்கும் கல்யாணத்துக்கும் முன்பணம் கொடுத்தவரும் மண்டிக்காரராகவே இருப்பார். அந்தக் கடன் தீரும்வரை சரக்கு அவருக்குத்தான். உழவர் சந்தை இந்தக் கடனைத் தீர்ப்பதில்லை. அதற்கு அறுவடை வரை காத்திருக்கக்கூடிய கூட்டுறவுக் கடன் வேண்டும்.

ஆனாலும் மண்டிக்கே போகிற அந்தத் தக்காளிக்காரருக்கும் சந்தையால் ஒரு பலன் உண்டு. பலகையில் எழுதும் விலை ஊருக்கெல்லாம் தெரிந்த விலை. முன்பெல்லாம் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது மூட்டை கட்டுமுன்பே சந்தைக்குப் போயிருக்கும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனில் கேட்டு, பட்டணத்தில் இன்றைக்கு என்ன போகிறது என்று தெரிந்துகொண்டுதான் அவர் லாரி ஏற்றுகிறார்.